தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்தவர்கள் பேச்சு வானொலியில் ஏன் தடுமாறுகிறார்கள்?

நெடுஞ்சாலை எழுதியது:

அமெரிக்காவுக்கு வந்த நாள் முதல் என் வேலை காரோடு பிணைந்தது. காலையில் ஓர் ஊர், மதியம் ஓர் ஊர். அதனால் ஏஎம் அலைவரிசையில் நாள் முழுவதும் ஓடும் அரசியல் பேச்சு நிகழ்ச்சிகள் எனக்குப் பழகிப்போயின. அவற்றில் சொல்லப்படும் கருத்துகளில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் பேசும் திறனுக்காகக் கேட்பேன்.

நெடுநாளாக ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. பில் ஓரெய்லி ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் அசைக்க முடியாத இடத்தில் இருந்தபோது, 2002 மே மாதம் நாடு முழுவதும் ஒலிபரப்பாகும் வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்களோடு ஆரம்பம். பிறகு நானூறைத் தாண்டியதாகச் சொன்னார்கள். நானும் ஆவலோடு கேட்டேன். இரண்டு வாரத்தில் கை தானாகவே வேறு நிலையத்தைத் தேடியது. 2009 தொடக்கத்தில் அவரே நிறுத்திக்கொண்டார். தொலைக்காட்சியில் மேலும் எட்டு ஆண்டுகள் முதலிடத்திலேயே இருந்தார்.

மைக் ஹக்கபியும் அப்படித்தான். ஆர்கன்சா மாநில ஆளுநராக இருந்தவர், ஃபாக்ஸில் வார இறுதி நிகழ்ச்சி நடத்தியவர். 2012 ஏப்ரலில் வானொலிக்கு வந்தார். 2013 டிசம்பரில் கடையைக் கட்டினார். லூ டாப்ஸ், ஹெரால்டோ ரிவேரா ஆகியோரும் வந்து போனார்கள். திரையில் கோடிக்கணக்கானோரைக் கட்டிப்போட்ட அதே குரல், அதே ஆள். காரில் மட்டும் ஏன் எடுபடவில்லை?

--

பழைய_மைக் எழுதியது:

இந்தக் கேள்விக்கு நான் மேசையின் மறுபக்கத்திலிருந்து பதில் சொல்லலாம். மாணவனாக இருந்த காலத்தில் மத்திய மேற்கில் ஒரு சிற்றூர் ஏஎம் நிலையத்தில் பகுதிநேரமாக ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். நிகழ்ச்சி செயற்கைக்கோள் வழியாக வரும். உள்ளூர் விளம்பர நேரம் வரும்போது விதைக்கடை, டிராக்டர் கடை, சவ அடக்க இல்லம் ஆகியவற்றின் விளம்பரங்களை ஓட்டிவிட்டு, நொடி பிசகாமல் மறுபடி நிகழ்ச்சியோடு சேர வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் தொகுப்பாளர் பேசும் முதல் சொல் அறுபட்டுவிடும். ஆகவே நான் கேட்டதுபோல் அந்த நிகழ்ச்சிகளை வேறு யாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் அதில் தொகுப்பாளர் தனியாகப் பேசுவது தொடக்கத்தில் சில நிமிடங்கள். அதுவும் எழுதி, திருத்தி, டெலிபிராம்ப்டரில் ஓடும். பிறகு விருந்தினர், காணொளித் துண்டு, மறுபடி விருந்தினர். காதுக்குள் தயாரிப்பாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். வானொலியில் மூன்று மணி நேரம். செய்தி, விளம்பரம் எல்லாம் போக மணிக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடம் அவர் பேசியாக வேண்டும். வாரத்தில் ஐந்து நாள். எழுதி வைத்துக்கொண்டு இதைச் செய்ய மனிதனால் ஆகாது. பேசிக்கொண்டே யோசிக்கத் தெரிய வேண்டும்.

திரையிலிருந்து வந்தவர்களிடம் நான் கவனித்த ஒன்று: ஒரு கருத்தை நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அழகாக, கச்சிதமாக முடித்துவிடுவார்கள். என் எதிரே இருக்கும் கடிகாரத்தில் இன்னும் ஏழு நிமிடம் இருக்கும். அந்த ஏழு நிமிடத்தை நிரப்ப, சொன்னதையே வேறு சொற்களில் சொல்லத் தொடங்குவார்கள். குரலில் ஒரு பதற்றம் தெரியும். வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவோ நான்கு நிமிடத்தில் பாதி வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார். நடுவில் கால்பந்து, பூனை, புதிதாக வாங்கிய கணினி என்று சுற்றிவிட்டு, இடைவேளைக்கு இருபது நொடி இருக்கும்போது விட்ட இடத்துக்கு வந்து சேருவார். கையில் கற்றையாகக் காகிதங்கள். மைக் அருகிலேயே அவற்றைச் சலசலவென்று புரட்டுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அடுத்த செய்தி வருகிறது என்று நேயருக்குத் தெரிந்துவிடும். தொலைக்காட்சியில் அதே சத்தம் வந்தால் ஒலிப்பொறியாளருக்கு வேலை போய்விடும்.

--

சுந்தரம்_ஓஹாயோ எழுதியது:

திறமையைப் பற்றி அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் வியாபாரத்தை விட்டுவிட்டு இதைப் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

1970களிலும் 80களிலும் இசை எல்லாம் எஃப்எம்முக்குப் போய்விட்டது. ஏஎம் நிலையங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. 1987இல், சர்ச்சைக்குரிய விஷயங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியைக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் கைவிட்டது. அடுத்த ஆண்டு, 1988 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ரஷ் லிம்பா 56 நிலையங்களோடு நாடு தழுவிய ஒலிபரப்பைத் தொடங்கினார். சிறிய நிலையங்களுக்கு நிகழ்ச்சி கிட்டத்தட்ட இலவசம். பதிலுக்கு ஒவ்வொரு மணியிலும் சில நிமிடங்களை நிகழ்ச்சிக்காரர்கள் தங்கள் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை பேச ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கத் திணறிய நிலையத்துக்கு இது வரப்பிரசாதம். பின்னாளில் அறுநூறு நிலையங்களுக்கு மேல் போனது.

இதன் விளைவு என்ன? ஓரெய்லி 2002இல் அதே நண்பகலில் வந்தபோது, ஒவ்வொரு பெருநகரத்திலும் வலுவான ஏஎம் நிலையம் ஏற்கெனவே லிம்பாவிடம் இருந்தது. மிச்சம் கிடைத்தவை இரண்டாம், மூன்றாம் தர நிலையங்கள். சூரியன் மறைந்ததும் ஒலிபரப்புத் திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டிய நிலையங்களும் அதில் அடக்கம். நானூறு நிலையம் என்று எண்ணிக்கை சொல்லலாம். ஆனால் நியூயார்க்கில் ஐம்பதாயிரம் வாட் நிலையம் ஒன்றும், மலையடிவாரத்தில் ஆயிரம் வாட் நிலையம் ஒன்றும் ஒன்றாகிவிடுமா? இடம் கிடைக்காதவனைத் திறமை இல்லாதவன் என்று சொல்வது அநியாயம்.

--

நெடுஞ்சாலை எழுதியது:

சுந்தரம், ஓரெய்லிக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். ஹக்கபிக்கு எப்படிப் பொருந்தும்? அவரைக் கொண்டுவந்தது கியூமுலஸ். நாட்டிலேயே மிகப் பெரிய வானொலி நிறுவனங்களுள் ஒன்று. சொந்தமாக நூற்றுக்கணக்கான நிலையங்கள் வைத்திருந்தது. நேரமும் எப்படி அமைந்தது பாருங்கள். 2012 பிப்ரவரி கடைசியில் லிம்பா ஒரு சட்டக்கல்லூரி மாணவியைக் கேவலமாகப் பேசி, விளம்பரதாரர்கள் வரிசையாக விலகிக்கொண்டிருந்தார்கள். ஆறு வாரத்தில் ஹக்கபி அதே நண்பகல் நேரத்தில், மோதல் குறைவு உரையாடல் அதிகம் என்ற வாக்குறுதியோடு வந்து உட்கார்ந்தார். கால் நூற்றாண்டில் அப்படியொரு வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. பணிவான மனிதர், பாதிரியாராக இருந்தவர், பேச்சில் வல்லவர். இருந்தும் இருபது மாதம் தாண்டவில்லையே?

--

சுந்தரம்_ஓஹாயோ எழுதியது:

அதையும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். நியூயார்க்கில் டபிள்யூஏபிசி, சிகாகோவில் டபிள்யூஎல்எஸ். இரண்டும் அப்போது கியூமுலஸுக்குச் சொந்தமானவை. இரண்டிலும் நண்பகலில் ஓடியது யார்? லிம்பா. தன் நிறுவனத்தின் தலைவாசலிலேயே ஹக்கபிக்கு இடம் இல்லை. முதலாளியே நம்பி ஒப்படைக்காத கடையில் வாடிக்கையாளர் மட்டும் எப்படி வருவார்?

--

நெடுஞ்சாலை எழுதியது:

இது எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலாளி ஏன் நம்பவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

--

வன்னிமகள் எழுதியது:

நான் அமெரிக்க வானொலியை அவ்வளவாகக் கேட்டதில்லை. டொராண்டோவில் எங்கள் தமிழ் வானொலி ஒன்றில் தன்னார்வலராக வாரம் ஒரு முறை நிகழ்ச்சி செய்கிறேன். அதற்கு முன் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் மூன்று ஆண்டுகள் செய்தி வாசித்தேன். என் அனுபவம் இங்கே பயன்படுமென்று எழுதுகிறேன்.

முதல் நாள் வானொலிக்குப் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். கனடாவில் வாடகை உயர்வு பற்றிய நிகழ்ச்சி. ஒரு மணி நேரத்துக்குப் போதும் என்று நம்பினேன். பதினான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. தாளை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எதிரே கமெரா இல்லை. யாருடைய முகமும் இல்லை. மெல்லிய கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவுத் தம்பி கையைச் சுழற்றிச் சுழற்றிப் பேசச் சொல்லிக்கொண்டிருந்தான். தொலைக்காட்சியில் அப்படி நேர்ந்தால் ஒரு படத்தைப் போட்டுவிடலாம், நான் புன்னகைக்கலாம். வானொலியில் மூன்று நொடி மௌனம் வந்தால் கேட்பவர் நிலையமே நின்றுபோனதென்று நினைத்துவிடுவார். உள்ளங்கை வியர்த்து மேசை ஈரமானது இப்போதும் நினைவிருக்கிறது.

அப்போது ஸ்கார்பரோவிலிருந்து ஒரு ஐயா அழைத்தார். வாசித்தது விளங்கவில்லை, உங்கள் வீட்டு வாடகை எவ்வளவு பிள்ளை என்று கேட்டார். நான் சொன்னேன். பிறகு அவருடையதைச் சொன்னார். அதற்குப் பிறகு தொலைபேசி ஓயவே இல்லை. அந்தப் பதினொரு பக்கத்தில் என் வீட்டு வாடகையைப் பற்றி ஒரு வரி கூட நான் எழுதியிருக்கவில்லை.

--

பழைய_மைக் எழுதியது:

தங்கச்சி, அந்த ஐயா ஒரே கேள்வியில் மொத்தத்தையும் சொல்லிவிட்டார்.

தொலைக்காட்சித் தொகுப்பாளருக்கு முகமும் உடையும் மேசையும் பின்னணித் திரையும் சேர்ந்து ஓர் அதிகாரத்தைக் கொடுக்கின்றன. அவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லத் தேவையில்லை. வானொலியில் அந்த அதிகாரம் எதுவும் கேட்காது. காரில் தனியாகப் போகும் ஒரே ஓர் ஆளோடு பேசுகிறோம். அவருக்கு நாம் துணை. எங்கள் நிலைய மேலாளர் தொலைக்காட்சியிலிருந்து வந்தவர்களைப் பற்றி ஒரே குறைதான் சொல்வார்: அவர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று. ஓரெய்லியின் பலம் எதிரே ஒருவரை உட்காரவைத்து அவரோடு மோதுவது. அந்த மோதலில் பாதி, இருவர் முகத்திலும் நடப்பது. வானொலியில் ஒருவர் மற்றவர் பேச்சை வெட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அளவிடும் முறையும் இதற்கேற்பத்தான் இருக்கிறது. ஒருவர் ஒரு கால்மணி நேரத்தில் குறைந்தது ஐந்து நிமிடம் கேட்டால்தான் அந்தக் கால்மணி கணக்கில் சேரும். அடுத்தடுத்த கால்மணிகளுக்கும் அவரை இழுத்துப்போக வேண்டும். ஒரு கதையைத் தொடங்கி, முடிக்காமல் விளம்பரத்துக்குப் போய், திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் சொல்லும் வித்தை அங்கிருந்து பிறந்ததுதான். கச்சிதமாக முடிக்கத் தெரிந்தவருக்கு அது எதிரி.

--

தேன்மொழி எழுதியது:

எல்லாரும் ஒரு திசையிலேயே பார்க்கிறீர்கள். மறுதிசையையும் பாருங்கள். வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போனவர்கள் எத்தனை பேர் நிலைத்தார்கள்!

ஷான் ஹானிட்டி ஃபாக்ஸுக்கு 1996இல் வருவதற்கு முன்பே அலபாமாவிலும் அட்லாண்டாவிலும் வானொலியில் பேசிப் பழகியவர். கிளென் பெக் பாட்டு போடும் காலை நிகழ்ச்சிகளில் ஆண்டுக்கணக்கில் உழன்று, டாம்பாவில் பேச்சு நிகழ்ச்சிக்கு மாறி, அதன்பின் சிஎன்என் குழுமத்துக்கும் ஃபாக்ஸுக்கும் போனார். எட் ஷுல்ட்ஸ் ஃபார்கோவில் விளையாட்டு வர்ணனை செய்தவர். ரேச்சல் மேடோ மாசசூசெட்ஸில் ஒரு சிறு ஊர் நிலையத்தில் தொடங்கி, இடதுசாரிச் சார்புள்ள ஏர் அமெரிக்கா வானொலியில் பேசி, 2008இல் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சி பெற்றார். அரசியலில் இவர்கள் இருவேறு துருவம். பயிற்சிக்களம் ஒன்று.

எல்லாருக்கும் முன்னோடி லாரி கிங். 1957இல் மயாமியில் முதல் நாள். இசை ஓடுகிறது, அதைத் தாழ்த்திவிட்டுப் பேச வேண்டும். வாய் வரவில்லை. மறுபடி இசையை உயர்த்துகிறார், தாழ்த்துகிறார். மறுபடியும் பேச்சு வரவில்லை. மேலாளர் கதவை உதைத்துத் திறந்து, இது பேசும் தொழில் என்று கத்தியிருக்கிறார். அதன்பின் கிங் மைக்கில் உண்மையைச் சொல்லிவிட்டார்: இது என் முதல் நாள், என் பெயரையே சற்றுமுன்தான் மாற்றினார்கள், வாய் உலர்ந்துவிட்டது, பயமாக இருக்கிறது என்று. அவரே பலமுறை சொன்ன கதை இது. வன்னிமகளின் கதையைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. 1978 ஜனவரியில் மியூச்சுவல் வானொலி வலைப்பின்னலில் நள்ளிரவு நிகழ்ச்சி தொடங்கினார். விடிய விடியப் பேச்சு. 1985இல் சிஎன்என் அழைத்தபோது அவருக்கு 28 ஆண்டுப் பயிற்சி இருந்தது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். லிம்பாவே 1992இல் தொலைக்காட்சிக்குப் போனார், தயாரிப்பாளர் பின்னாளில் ஃபாக்ஸ் நியூஸை உருவாக்கிய ராஜர் எய்ல்ஸ். 1996இல் நின்றுபோனது. ஆக, வானொலிக்காரர் எல்லாரும் திரையிலும் வெல்வார்கள் என்றும் சொல்ல முடியாது.

--

கதிர்_மிச்சிகன் எழுதியது:

லாரா இங்கிரகாமை எங்கே வைப்பீர்கள்? 1990களில் கேபிள் தொலைக்காட்சியில் தெரிந்த முகம். 2001இல் வானொலிக்கு வந்து 2018 வரை நிலைத்து நின்றாரே? பிரையன் கில்மீடும் ஃபாக்ஸின் காலை அரட்டை நிகழ்ச்சியில் சோபாவில் உட்கார்ந்துவிட்டு நேரே வானொலிக்கு வருகிறார். ஓடத்தானே செய்கிறது?

--

தேன்மொழி எழுதியது:

நல்ல கேள்வி கதிர். இங்கிரகாம் வானொலிக்கு வந்தபோது அவருக்குத் தொலைக்காட்சியில் சொந்த மாளிகை எதுவும் இல்லை. வானொலியையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டு பதினேழு ஆண்டுகள் உழைத்தார். ஃபாக்ஸில் இரவு நிகழ்ச்சி 2017இல்தான் வந்தது. வந்த அடுத்த ஆண்டே வானொலியை விட்டுவிட்டார். ஓரெய்லிக்கு வானொலி பகலில் செய்யும் இரண்டாவது வேலை. அவருடைய உயிர் மாலை எட்டு மணித் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருந்தது. மைக்கில் களைப்பு கேட்கும். அதை மறைக்க ஒப்பனை கிடையாது.

கில்மீடைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இல்லை. சோபாவில் மூன்று பேர் எழுத்துப் பிரதி இல்லாமல் அரட்டை அடிப்பது வானொலிக்கு நெருக்கமான பயிற்சி என்று தோன்றுகிறது.

--

கதிர்_மிச்சிகன் எழுதியது:

ஏற்கிறேன். அப்படியானால் அல் ஃபிராங்கனையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். தொலைக்காட்சி நகைச்சுவையில் பெரிய பெயர். 2004 மார்ச் 31ஆம் தேதி ஏர் அமெரிக்கா தொடங்கியபோது நண்பகல் அவருக்குத்தான். 2007இல் செனட் தேர்தலுக்காக விலகினார், நிறுவனம் 2010 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கே வளர்ந்து பெரிதானவர், யாரும் முன்பு அறிந்திராத மேடோ.

--

சுந்தரம்_ஓஹாயோ எழுதியது:

நான் என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். லிம்பா பதின்ம வயதில் மிசௌரியில் சொந்த ஊர் நிலையத்தில் தொடங்கியவர். பலமுறை வேலையை இழந்தார். நடுவில் வானொலியையே விட்டு ஒரு பேஸ்பால் அணியில் அலுவலக வேலை பார்த்தார். 1984இல் சாக்ரமென்டோவில்தான் அவர் பேச்சு சூடுபிடித்தது. நாடு தழுவிய நிகழ்ச்சி வந்தபோது வயது 37. இருபது ஆண்டு, யாரும் கேட்காத ஊர்களில், யாரும் கவனிக்காத நேரங்களில் தவறு செய்து கற்றிருக்கிறார். தொலைக்காட்சி நட்சத்திரத்துக்கு அந்த வசதி கிடையாது. முதல் நாளே இருநூறு நிலையம், முதல் நாளே விளம்பரதாரர், முதல் நாளே பத்திரிகை விமர்சனம். கற்றுக்கொள்ள நேரமே தராமல் மேடையில் ஏற்றுகிறார்கள். இதுவும் வியாபாரத்தின் குற்றம்தான், அதை நான் விடமாட்டேன்.

2021 பிப்ரவரியில் லிம்பா இறந்த பிறகு அந்த நாற்காலியில் யாரை உட்காரவைத்தார்கள் என்று பாருங்கள். ஃபாக்ஸ் விளையாட்டு வானொலியில் காலை நிகழ்ச்சி செய்த கிளே டிராவிஸ், ஏற்கெனவே வானொலியில் பேசிக்கொண்டிருந்த பக் செக்ஸ்டன். பணம் இருந்தது, எந்தத் தொலைக்காட்சிப் பெரும்புள்ளியையும் அழைத்திருக்கலாம். நெடுஞ்சாலை கேட்ட கேள்விக்கு, முதலாளிகள் ஏன் நம்பவில்லை என்பதற்கு, அவர்கள் கொடுத்த பதிலாக இதை எடுத்துக்கொள்கிறேன்.

--

நெடுஞ்சாலை எழுதியது:

நன்றி சுந்தரம். நேற்று பென்சில்வேனியா எல்லைவரை போய்வந்தேன். ஓரெய்லியின் பழைய நிகழ்ச்சியை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். அவர் சொன்ன ஒரு வாதம்கூட எனக்கு நினைவில் இல்லை. ஆனால் லிம்பா தன் செவித்திறன் போனதைப் பற்றி 2001இல் பேசியது நினைவிருக்கிறது. தன் குரலே தனக்குக் கேட்காமல் பேசிய மனிதர். காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவர் அரசியல் எனக்கு எப்போதுமே ஆகாது.

--

வன்னிமகள் எழுதியது:

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு கேள்வி. பழைய_மைக் அண்ணா, இந்தச் சனிக்கிழமை எனக்கு நிகழ்ச்சி இருக்கிறது. தலைப்பு, முதியோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது. என்ன எடுத்துக்கொண்டு போகட்டும்?

--

பழைய_மைக் எழுதியது:

பாதித் தாள். அதில் நான்கைந்து சொற்கள், வாக்கியம் வேண்டாம். முதல் அழைப்பு வரத் தாமதமாகும், அதற்குள் சொல்ல உங்கள் அம்மாவைப் பற்றியோ அப்பம்மாவைப் பற்றியோ ஒரு சம்பவம். அதைப் பாதியில் நிறுத்தி விளம்பரத்துக்குப் போங்கள். புள்ளிவிவரம் கேட்டால் கொடுக்க ஒரு தாளை வேறாக வைத்திருங்கள். தண்ணீர் மறக்க வேண்டாம்.

--

வன்னிமகள் எழுதியது:

அப்பம்மா கடைசி இரண்டு ஆண்டுகள் அப்படியொரு இல்லத்தில்தான் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் இடியப்பம் கொண்டுபோவோம். அதைப் பற்றி நான் இதுவரை எங்கேயும் பேசியதில்லை. பார்க்கிறேன் அண்ணா.